அம்பு ஸ்டிக்கர்

ஊசியும் பெல்ட்டும் விற்கிற கடைக்கு மேலே
என் அறை.
திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூட்டம்.
சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கைகள்
மறுநாள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு
படியேறி வரும்.

நாட்ராயன் உட்காரவில்லை.
"பையன் புத்திசாலிங்க. ஒரு எடத்துல நிக்கறதில்லீங்க.
மிஸ்ஸு தெனமும் டைரில எழுதியுடறாங்க.
எத்தன நாள்ல சரியாகுமுங்க?"
சரக்கு ஏற்றத் தேதி கேட்கிற குரல்.
வசுமதி கைப்பையின் ஜிப்பைத்
திறந்து, மூடி, திறந்து.

சஷ்வினுக்கு ஏழு வயது.
மேசையில் கட்டைகள், படங்கள், நிறுத்துக்கடிகாரம்.
கடிகாரத்தைப் பார்த்ததும் கேட்டான்:
"இதுவும் பீஸ் ரேட்டா மிஸ்?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

ஆந்தைக்கும் பூனைக்கும் என்ன ஒற்றுமை?
ஜன்னலைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான்.
நாற்காலிக்கடியில் புகுந்து வந்தான்.
"ரெண்டும் நைட் ஷிப்டு."
விடைக் கையேட்டில் அப்படி ஒரு பதில் இல்லை.
சுழியம் போட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால்
அதை அப்படியே எழுதிவைத்தேன்.

மூன்று ஞாயிறு. ஒரு வியாழன், அவன் வகுப்பின் கடைசி பெஞ்சில்.
ஒரு நாள் அவர்கள் வீடும் போனேன்:
சுவருக்கு அந்தப்பக்கம் நிட்டிங் மெஷின்,
தம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டேயிருந்தது.
அறிக்கை ஆறு பக்கம்.
பில்லில் கூட்டுத்தொகை தேடுகிறவர்போல
நாட்ராயன் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.
"கோளாறு எந்தப் பக்கத்துலீங்க?"

அவர் வேலை பைனல் செக்கிங்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஓட்டையோ எண்ணெய்க்கறையோ தையல் விட்டதோ
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவது.
பதினாறு வருஷம்.
நல்ல பீஸை நின்று பார்க்க நேரமில்லை,
அது தானாகப் பெட்டிக்குப் போய்விடும்.

மருந்து எழுதுகிறவள் இல்லை நான்.
பத்து நிமிடம் எழுதிக் கொடுத்தேன்.
தினமும் தரையில் அவனோடு உட்காரவேண்டும்.
கேள்வி கேட்காமல், திருத்தாமல்,
பார்ப்பதை மட்டும் சொல்லவேண்டும்.
பஸ்ஸை எடுக்கறே. பின்னாலே போகுது. நின்னுருச்சு.
"அவ்ளோதானுங்களா?"
"அவ்வளவுதான்."
இதுக்கா ஃபீஸ் என்று கேட்காமல் விட்டது
அவருடைய மரியாதை.

முதல் வாரம் இரண்டே நாள்.
"மூணாவது நிமிசமே நேராப் புடிடான்னுட்டாருங்க"
என்றாள் வசுமதி.
அடுத்த வாரம் ஷிப்மெண்ட்.
அதற்கடுத்த ஞாயிறு வரவேயில்லை.
அன்று மாலை
என் மகள் வரைந்த வீட்டைப் பார்த்து
"கதவு எங்கே?" என்று கேட்டேன்.
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கம்பெனிக்குக் கரண்ட் இல்லை.
நாட்ராயனே சொன்னார், இந்த முறை உட்கார்ந்து:
"வெள்ளனமே ஊட்டுக்கு வந்துட்டனுங்க. ஒரே இருட்டு.
பையன் டார்ச்சை வெச்சு செவுத்துல கைநெழலு காட்டறான்.
என்ன பண்றான்னே தெரியலீங்க,
அப்பறம் எங்க திருத்தறது?
ரெக்கை மாதிரி ஆடுதுன்னேன்.
மறுக்கா ஆட்டுனான்.
இப்ப நின்னுருச்சுன்னேன்.
பக்கத்துல வந்து ஒட்டி உக்காந்துட்டானுங்க."
எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
"மணி பாக்கலீங்க."
பிறகு, கொஞ்சம் வெட்கப்பட்டு,
"ஆந்தையாமுங்க அது."

டைரி இன்னும் வருகிறது.
போன திங்கள் ஏழு வரி, இந்தத் திங்கள் ஐந்து.
நேற்றும் வீட்டில் ஒரு சத்தம், ஓர் அழுகை.
எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டேன். பழக்கம்.

கிளம்பும்போது சஷ்வின்
அப்பாவின் சட்டைக்கையில் ஒட்டியிருந்த அம்பை உரித்து
என் நிறுத்துக்கடிகாரத்தின்மேல்
அழுத்தி ஒட்டிவிட்டுப் படியிறங்கினான்.

எடுத்துவிட வேண்டும்.
அடுத்த குழந்தை பதினோரு மணிக்கு.