வவ்வால்

முழங்கைக்குக் கீழே பன்னிரண்டு புள்ளி.
ஸ்டான்லியில் பேனாவால் எண் போட்டுக் குத்தினார்கள்.
கையை அசைக்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்
மருதாணி காயக் காத்திருப்பவள் மாதிரி.
நான்காவது புள்ளி கரப்பான். லேசாகத் தடித்தது.
ஒன்பதாவது பூனை.
ஐம்பது காசு அளவுக்கு
எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"பூனை இருக்கா வீட்ல?"
"இல்ல டாக்டர். வாங்கலாம்னு."
எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

அலர்ஜி தராத பூனை என்று ஒன்று கிடையாதாம்.
முடியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, எச்சில்தானாம்.
நக்கி நக்கி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும்,
காய்ந்தால் பறக்கும்.
சிலருக்குச் சில பூனை ஒத்துப்போகலாம்.
எது என்று உங்கள் மூக்குதான் சொல்ல வேண்டும் என்றார்.

ஆக, மூன்று ஞாயிறு
தண்டையார்பேட்டையிலிருந்து பெரம்பூருக்கு
என் மூக்கைக் கூட்டிக்கொண்டு போனேன்.

மிஸஸ் ரொசாரியோ முதலில்
பஞ்சு மூட்டை மாதிரி ஒரு பெர்ஷியனை மடியில் வைத்தார்.
நாலு நிமிடம். பதினோரு தும்மல்.
அடுத்து சயாமீஸ்.
ஒல்லி. நீலக் கண், அதிலும் மாறுகண்.
மைக்கூட்டில் விட்டு எடுத்த மூஞ்சி.
ஒரு மணி நேரம் உட்கார்ந்தது;
கண் ஓரம் மட்டும் அரித்தது.
மறு வாரமும் அவ்வளவுதான்.
மூன்றாம் வாரம்
அது படுத்த துண்டைக் கேட்டு வாங்கி வந்து
தலையணையில் விரித்துத் தூங்கினேன்.
யாருடைய துண்டையும் நான்
இப்படி முகர்ந்து படுத்ததில்லை.
விடியும்வரை மூச்சு வந்தது.

வெள்ளையாகத்தான் பிறக்குமாம்.
உடம்பில் எங்கே குளிர்ச்சியோ
அங்கே மட்டும் கறுக்குமாம்.
காது, மூக்கு, வால், நாலு பாதம்.
மே மாதத்துத் தண்டையார்பேட்டையில்
குளிர்ச்சியான இடம் ஏழு இருக்கிறது என்று
எனக்குக் காட்டியது அதுதான்.

காதைப் பார்த்து வவ்வால் என்று பெயர் வைத்தேன்.
காசிமேட்டு மீன்காரம்மா தவமலருக்கு
வேறு அர்த்தம்.
"வவ்வாலுக்கு வவ்வாலா? கட்டுப்படியாவாதும்மா,
காரப்பொடி எடுத்துக்கோ."

படுக்கையறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும்.
திரைச்சீலையெல்லாம் கழற்றிவிட்டேன்,
எதிர் பிளாக்குக்கு என் சமையல் முழுக்கத் தெரியும்.
தினமும் ஈரத்துணி. தொட்டால் சோப்பு.
டிவி மேல் இன்ஹேலர், சாமி படத்துக்குப் பக்கத்தில்.
இரவு ஒரு மாத்திரை, பாதி.

குரலைப் பற்றி யாரும் சொல்லவில்லை.
கதவுக்கு வெளியே உட்கார்ந்து
கடன் கொடுத்தவன் மாதிரி கத்தும்.
கீழ் வீட்டு எத்திராஜ் படியேறி வந்து கேட்டார்:
"இன்னாம்மா, கைக்கொழந்தைய வெளிய போட்டுட்டியா?"

ஐப்பசியில் ஒரு ராத்திரி
மணலிப் பக்கமிருந்து அந்த வாடை வந்தது.
முட்டை அழுகினது போல, மேலே பெட்ரோல்.
பிளாக் முழுக்க ஜன்னல் சாத்தும் சத்தம்,
பிறகு இருமல், மாடி மாடியாக.
எத்திராஜ் இருமினார். அவர் பேத்தி இருமினாள்.
கதவுக்கு அந்தப் பக்கம்
வவ்வால் தும்மியது, மூன்று முறை,
சின்னதாக, ஆச்சரியப்பட்டது போல.

பகலெல்லாம் யார்டில் நின்று
டிரெய்லர் சீல் நம்பர் எழுதுகிறவள் நான்.
இந்தக் காற்றை எடுத்துக்கொள்ளும் முன்
யாரும் எனக்கு
மூன்று ஞாயிறு தந்ததில்லை.
மடியில் வைத்துப் பார் என்றதில்லை.

கதவடி இடுக்கில் ஒரு பாதம் நுழைந்தது.
கறுப்பு. தொட்டால் குளிர்ந்திருந்தது.
இரண்டு விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு
தரையிலேயே படுத்திருந்தேன்,
வாடை போகிறவரை, அதற்கு மேலும் கொஞ்சம்.

பிறகு எழுந்து போய்க்
கை கழுவினேன்.