ரகசியப்படி

மாதம் இருபத்தெட்டாம் தேதி
நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு
நூற்றுப் பதினாறு பேருக்குப் படியளக்கிறேன்.
பணம் என்னுடையதல்ல.
எண்களைக் கட்டத்தில் போடுவதும்
போட்டதை மறந்துவிடுவதும் என் வேலை.
மறந்துவிடுவதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்,
ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும்.

ஜன்னலுக்கு வெளியே ஆறு.
பெயர் வெள்ளி ஆறு.
மான்டிவிடியோவில் பிறந்து வளர்ந்த நான்
சேற்று நிறம் தவிர வேறொன்று அதில் கண்டதில்லை.

நிபியா பதினான்கு வருடமாய்
இழப்பீட்டுக் கோப்புகள் பார்க்கிறாள்.
நீர் புகுந்த கடை, எரிந்த கொட்டகை,
ஒரே பசு மூன்று முறை செத்ததாக வந்த மனு.
முதல் பக்கத்தைத் திருப்புவதற்குள்
பொய் எங்கே படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

மார்ச்சில் ஃபகுந்தோ வந்தான்.
நல்ல பையன். ஒன்றும் தெரியாது.
தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்து
அவள்தான் அவனைத் தேற்றி எடுத்தாள்.
அவன் பெயருக்கு நேரே நான் போடும் எண்
அவளுடையதைவிடப் பதினோராயிரம் பேசோ அதிகம்.

ஊமை கண்ட கனா என்பார்களே,
எனக்கு அது மாதாமாதம் வருகிறது,
இரண்டு தசம இடங்களோடு.

டிசம்பரில் மதிப்பீடு.
ஐந்து பேரில் ஒருவர்தான் ‘மிகச் சிறப்பு’ ஆகலாம்.
‘நீ மிகச் சிறப்புதான் நிபியா,
ஆனால் இடம் நிரம்பிவிட்டது’ என்றாராம் எச்செவெர்ரி,
படிக்கட்டில் நிற்கும் கண்டக்டரைப் போல.
நிறுவனத்தின் பெயர் போட்ட குடை ஒன்றும் கொடுத்தாராம்.

‘நீ என்ன சொன்னாய்?’ என்றான் வில்மர்.
‘நன்றி என்றேன்.’
யாரும் சிரிக்கவில்லை.
எங்கள் ஊரில் மாத்தே சுற்றி வரும்போது
வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னால்
போதும், இனி எனக்கு வேண்டாம் என்று பொருள்.

சமையலறையில் அன்று மாலை
சுரைக் குடுக்கை ஒன்று, குழல் ஒன்று, வாய் ஐந்து.
பிளாஸ்க் என் கையில்.
ஊற்றுகிறவன்தான் முதலில் குடிக்க வேண்டும்;
முதல் கசப்பு அவனுக்கு.
அதன்பின் வரிசை மாறாது, அளவு மாறாது.
இந்தக் கட்டடத்தில்
ஓரவஞ்சனை இல்லாத இடம் அது ஒன்றுதான்.

குடுக்கை ஃபகுந்தோவிடம் போய் நின்றுவிட்டது.
குடிக்கவில்லை, அடுத்தவருக்குத் தரவுமில்லை.
பேருந்தில் கண்டெடுத்த சாவியை
யாருடையது இது என்று நீட்டுவதுபோலத்
தன் சம்பளத்தைச் சொன்னான்.

ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

வில்மர் தன்னுடையதைச் சொன்னான்,
இரண்டாயிரம் கூட்டி. எனக்குத் தெரியாதா?
எஸ்தெலா சொன்னாள், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே.
நிபியா சில்லறை வரைக்கும் சொன்னாள்.
சொல்லிவிட்டு அவள் ஃபகுந்தோவைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
பொய் படுத்திருக்கும் இடத்தை
முதல் பக்கத்திலேயே கண்டுபிடிக்கிற கண்.
மார்ச், ஏப்ரல், மே...
விரல் விடாமல் எண்ணினேன்.
ஒன்பது.

‘எல்பியோ, உனக்கு?’

என் சம்பளச் சீட்டில் மட்டும்
வேறு யாருக்கும் இல்லாத வரி ஒன்று உண்டு.
ரகசியப்படி: மூவாயிரத்து இருநூறு.
வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு.

அதைக் கழித்துவிட்டு
மிச்சத்தைச் சொன்னேன்.

ஃபகுந்தோ குடுக்கையை என்னிடம் நீட்டினான்.
தண்ணீர் ஆறிப்போயிருந்தது.
இருந்தாலும் ஊற்றினேன்,
அவரவர் முறைக்கு, சரி அளவாக.