ஒன்பது பத்து

காலை ஒன்பது பத்துக்கு
என் விரல் பார்க்காமலே அழுத்தும்
ரடிக் வீட்டு எண்ணை.
மூன்றாவது மணிக்கு எடுப்பாள்.
"அம்மா பேசுகிறேன். டான்சிக்குக் காய்ச்சல்."
பதினொரு வயதுத் தொண்டை
நாற்பது வயதைத் தூக்கப் பார்க்கும்;
கடைசிச் சொல்லில் தடுக்கி விழும்.

"உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்பேன்.
பதிவேட்டில் எழுதுவேன்: உடல்நலக் குறைவு.
அந்தப் பொய்யில்
பாதி என் கையெழுத்து.

மொன்டானாவின் கிழக்கு ஓரத்தில்
காற்று மட்டுமே அடர்த்தியாக வாழும் மாவட்டம் எங்களது.
மாடுகள் தொண்ணூறாயிரம்.
மாணவர் நூற்றுப் பதினாறு.
ஒரு மாடு காணோம் என்றால்
நான்கு டிரக்குகள் கிளம்பும்.
ஒரு பிள்ளை காணோம் என்றால்
நான் கட்டத்துக்குள் ஒரு கோடு போடுவேன்.

தலைநகரிலிருந்து சுவரொட்டி வந்தது.
'ஒவ்வொரு நாளும் முக்கியம்' என்கிறது
கண்ணாடி போட்ட ஆந்தை.
முழு வருகைக்குப் பரிசு, பீட்சா கூப்பன்.
பீட்சா கடை எழுபது மைல் தள்ளி.
ஒட்டினேன்.
ஆந்தையை ஒட்டுவதும் என் வேலைதான்.

பிப்ரவரியில் முப்பத்தோராவது கோடு.
முப்பதைத் தாண்டினால் ஒரு கடிதம் போக வேண்டும்.
இரண்டாம் பத்தியிலேயே
நீதிமன்றம் என்ற சொல் உட்கார்ந்திருக்கும் கடிதம்.
உறையின் விளிம்பை நாக்கில் தொட்டேன்.
பசை கசந்தது.
இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு
ஆரின் ஓட்டும் பேருந்தில் ஏறினேன்.
மைனஸ் இருபத்தாறு.
ஹீட்டர் ஓட்டுநர் கால்களுக்கு மட்டும் சொந்தம்.
மாடு தாண்டாத கம்பித்தடுப்பு அருகே நிறுத்தினார்,
விளக்கைச் சிமிட்டினார்,
ஒரு நிமிடம் காத்தார்,
வண்டியைத் திருப்பினார்.

"வீடு எங்கே?"
முகவாயால் காட்டினார்.
இருட்டின் மறுகோடியில் ஒரு மஞ்சள் பொட்டு.
"இரண்டேகால் மைல். அப்பன் விடியுமுன்னே
தீவனம் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.
அம்மா எண்ணெய் வயலில் சமையல்,
பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள்.
பனி மிதமான நாளில் பிள்ளை நடந்து வந்து நிற்கும்."
"வீடு வரை போனால் என்ன?"
"வெள்ளத்தில் பாலம் போனபோது
இங்கேயே திரும்பச் சொன்னார்கள்."
"பாலத்தைக் கட்டிவிட்டார்களே!"
"அக்டோபரில்."
"பிறகு?"
"உத்தரவை யாரும் திரும்பக் கட்டவில்லை."

முப்பத்தொரு காலைகள்
ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறேன்.
எப்படி வருவாய் என்று
ஒருநாளும் கேட்கவில்லை.

வாரியக் கூட்டத்தில் எங்கள் விஷயம்
வாகன நிறுத்தத்துக்குச் சரளைக்கல்லுக்கும்
கால்பந்துச் சீருடைக்கும் நடுவில் வந்தது.
நாளைக்கு ஒன்பது மைல் கூடுதல் டீசல் என்றார் பொருளாளர்.
எழுந்தேன். எழுதி வைத்த பேச்சு மறந்துபோயிற்று.
"ஒரு கன்று இப்போது என்ன விலை?" என்று கேட்டேன்.
அறையில் எல்லாருக்கும் அது தெரியும்.
யாரும் சொல்லவில்லை.
மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது.
சீருடைக்கு ஐந்துக்கு ஐந்து.

திங்கட்கிழமை பேருந்து பனியில் புதைந்து
நேரம் தவறி வந்தது.
ஒன்பது பத்து.
பழக்கத்தில் விரல் எண்ணை அழுத்திவிட்டது.
ரிசீவர் காதில் இருக்க
என் மேசைக்கு முன்னால் ஒரு பெண்,
இமையில் உறைபனி, இடது கைக்கு மட்டும் கையுறை,
தாமதச் சீட்டுக்காக நிற்கிறாள்.

"பெயர்?"
"டான்சி ரடிக்."

தடுக்காத குரல். அவளுடையது.
காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது;
காதுமடல் வரை சிவந்து அவளே தரையைப் பார்த்தாள்.
பின்னக் கணக்கில் இரண்டு மாதம் பின்தங்கியிருக்கிறாள்.
ஆசிரியை மதிய உணவு வேளையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.
தேறலாம். தேறாமலும் போகலாம்.
சீட்டை நீட்டினேன். ஓடினாள்.

ஆளில்லாத அந்தச் சமையலறையில்
மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது,
நான்காவது, ஐந்தாவது, ஆறாவது.

வைக்க மனம் வரவில்லை.
கொஞ்ச நேரம் அடிக்கட்டும் என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.