ஆல்பேட்டை சோதனைச்சாவடி படத்தில் இல்லை

டூமாஸ் வீதியில் மஞ்சள் வீடு ஒன்றை
ஒன்பது நாளுக்கு வாடகைக்கு எடுத்து
என் பதினாறு வயதை அதற்குள் வைத்திருக்கிறார்கள்.
பத்துக் கட்டில், இரும்பு, புதுப் பெயின்ட் வாசம்.
சன்னலுக்கு வெளியே மழை பெய்ய
அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி.

அன்று மழை இல்லை. பங்குனி வெயில்.
கோரிமேட்டில் வேப்பம்பூ காலுக்கடியில் நொறுங்கியது.
நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.
"மழைன்னாதான் ஃபீல் வரும் மேடம்"
என்றார் டைரக்டர் தயாளன். நல்ல மனிதர்.
எனக்கென்று நாற்காலி போட்டு
முதுகில் 'கதை' என்று ஒட்டச் சொல்லியிருந்தார்.
கதைமேல் சாய்ந்துகொண்டேன்.

புஷ்பராணி என்ற பெயர் போஸ்டரில் நிற்காதாம்.
யாழ் ஆனேன்.

எனக்குக் காரணம் கிடையாது.
அப்போது அதுதான் பெரிய அவமானம்.
அப்பா குடிக்கமாட்டார்,
முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி எண்ணுவார்.
யாரும் சாகவில்லை, யாரும் அடிக்கவில்லை,
கணக்கில் எண்பத்தெட்டு.
ஒருநாள் காலை
எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று தெரியாமல்
மதியம் தாண்டியும் வாசலில் நின்றிருந்தேன்.
அவ்வளவுதான் தொடக்கம்.
படத்துக்கு அது பற்றாது.
தம்பி ஒருவனைக் கொடுத்து
தேவனாம்பட்டினம் அலையில் அவனைக் கொன்றார்கள்.
முந்தாநாள் ராத்திரி லாட்ஜில்
இல்லாத தம்பிக்காக அழுதேன்.

டாக்டர் வசுமதிக்கு எப்போதும் ஜலதோஷம்.
நான் பேசாத நாள்களில் அவரும் பேசமாட்டார்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு சீட்டில் எழுதுவார்.
பிறகு: "அடுத்த செவ்வாய் வா."
அந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு
ஒரு வாரம் கடப்பேன்.
படத்தில் அவருக்குத் தாடி, சைக்கிள், புல்லாங்குழல்.
தோளை உலுக்கி "நீ உடையல, யாழ்" என்கிறார்.
லைட்பாய் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

திரும்பும் பேருந்து ஆல்பேட்டையில் நிற்கும்.
பாண்டிச்சேரி பாட்டில் தேடி
போலீஸ்காரர் ஒவ்வொரு பையிலும் கை விடுவார்.
அம்மாவின் ஒயர்கூடையில் மாத்திரை அட்டைகள்.
"என்னம்மா இது?"
"தைராய்டுங்க."
பேருந்துக்கே கேட்கும்படி.
மாதம் இரண்டு முறை, நான்கு வருடம்,
தொண்ணூற்றாறு தைராய்டு.
ஒருமுறைகூட அம்மா என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.
சோதனைச்சாவடியில் எடுக்க அனுமதி சிக்கலாம்,
வெட்டிவிட்டார்கள்.

கடைசிக் காட்சி வீராம்பட்டினத்தில், இரவு.
யாழ் மாத்திரைகளைக் கடலில் எறிய வேண்டும். குணமாகிவிட்டாளாம்.
"புத்தகத்தில் இது இல்லையே?"
"சிம்பல், மேடம்."
மூன்றாவது டேக். ஆள் மூச்சு இல்லை, அலை மட்டும்.
அவள் கையை ஓங்கினாள்.
என் கைப்பைக்குள் அலாரம்.

கட்! யார் போன்?

என்னுடையது. ஒன்பது மணி.
இருபத்திரண்டு வருடமாக ஒன்பது மணி.
அட்டையைக் கிழித்துவிட்டேன், தண்ணீர் இல்லை.
அந்தப் பெண், பத்தொன்பது வயதிருக்கும்,
கிளிசரின் காயாத முகத்தோடு
ஈரமணலில் நடந்து வந்து தன் பாட்டிலை நீட்டினாள்.
"இன்னும் போடறீங்களா?"
நூறு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.
தைராய்டு என்று நாக்கு நுனிவரை வந்தது.
"ம். மனசுக்கு" என்றேன்.
பேருந்துக்கே கேட்கும்படி.

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.
"இது பெப்பர்மின்ட், மேடம். எறியட்டுமா?"
"உன் வேலை அதுதானே. எறி."

நாலாவது டேக் ஓகே.
பாதி மணலிலேயே விழுந்தது,
ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.
நாளைக்குச் செவ்வாய்.
டாக்டர் வசுமதி ஓய்வுபெற்றுவிட்டார்.
இப்போது இருப்பவருக்கு ஜலதோஷமே வருவதில்லை,
பழகிக்கொண்டிருக்கிறேன்.