பதினான்காம் கம்பி

நெருப்பில்லாமல் புகையாது என்ற பேச்சு
இந்தத் தகரக் கொட்டகையில் செல்லாது.
இங்கே புகைதான் முதலில்,
பால் பொங்கும் அவசரத்தில்
செல்லின் மூடியைப் பிளந்துகொண்டு, வெள்ளையாய்.
நெருப்பு சில நொடி கழித்து.
அதுவும் வந்தால்.

ஊர்ப்பெயர் லபக்.
சொல்லும்போதெல்லாம் எதையோ விழுங்கியதுபோல் இருக்கும்.
சுற்றிலும் டெக்சஸின் பருத்திக்காடு,
மண்ணை வாரித் தூற்றும் காற்று.
இரவானால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
அடிவானம் முழுக்க ஒன்றாய் அணைந்து ஒன்றாய் எரியும்.
அவை பிடிக்கிற காற்றை விடியும்வரை வைத்திருக்கத்தான்
இத்தனை பேட்டரியும்
எனக்கு இந்தச் சம்பளமும்.

வேலை இதுதான்:
வரிசையில் ஒரு செல்லுக்கு மட்டும் சூடு வைப்பது.
நிமிடத்துக்கு ஐந்து டிகிரி.
நிக்கல் முன்கோபி.
இரும்பு பாஸ்பேட் உள்ளுக்குள் புழுங்கும் ரகம்,
வாயுவை அறை நிறைய விட்டுவிட்டு
ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.
ஓர் அளவுக்குமேல் எதற்கும் என் ஹீட்டர் வேண்டாம்,
தன் சூட்டைத் தானே தின்று வளரும்.
அப்போது நான் பார்க்கவேண்டியது அதை அல்ல,
அதன் பக்கத்தில் இருப்பதை.

இன்று நிக்கல்.
மினசோட்டாவிலிருந்து பேட்டரியோடு வந்த ஹாகன்
கண்ணாடிக்குப் பின்னால் டை கட்டிக்கொண்டு நின்றார்.
மூன்றுக்குச் சூடு வைத்தேன்.
மூன்று போனது. நான்கு போனது.
ஐந்து, கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.
ஆறு நின்றது.
நடுவில் ஒரு மைக்கா தகடு,
அட்டைபோல் மெல்லியது, நாற்பது செண்ட் இருக்கும்.
ஹாகன் கை தட்டினார்.
"பாஸ்தானே?"

இதில் பாஸும் இல்லை ஃபெயிலும் இல்லை, சார்.
விதிப்புத்தகம் கேட்பது ஒன்றே ஒன்று:
என்ன நடந்தது, எத்தனை மணிக்கு.

மற்றவர்கள் போனபின் காவல் என்னுடையது.
வெந்து கருகிய பேட்டரிக்குள்ளும் மின்சாரம் மிச்சமிருக்கும்.
இழவு வீட்டில்போல் விடியவிடிய விழித்திருக்க வேண்டும்;
இங்கே மட்டும்
எழுந்துவிடுமோ என்ற பயம் நிஜம்.
மரிசோல் வைத்துவிட்டுப் போன தமாலே
மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது.
அதற்கு ஒரு கம்பி ஒட்டினால்
அழகான வரைபடம் கிடைக்கும்.

கீழ்வீட்டு டஸ்டின் ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
எங்கோ மலிவாய் வாங்கிய பேட்டரியை
இரவெல்லாம் வாசலோரம் சார்ஜில் போடுகிறான்.
அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசல்.
போன மாதம் கதவைத் தட்டிச் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டான், பீர் கொடுத்தான்,
மறுநாள் அதைக் கட்டிலுக்கடியில் நகர்த்தியிருந்தான்.
அதன்பிறகு நான் எதுவும் சொல்லவில்லை.
வேலைக்கு வந்தால்
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்காருகிறேன்.
வீட்டுக்குப் போனால்
அவன் கட்டிலுக்கு மேல்மாடியில் படுக்கிறேன்.

மணி மூன்று பன்னிரண்டு.
பதினான்காம் கம்பி இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது.
மூன்று பதிமூன்று. இன்னும் அரை.
ஏசி நின்றதாலா என்று பார்த்தேன். ஓடுகிறது.
பதினான்காம் கம்பி ஒட்டியிருப்பது
ஆறின் முதுகில்.

எழுதினேன்.
புகைபோக்கி விசிறியை முழுவேகத்தில் வைத்தேன்.
ஹாகனை எழுப்பவில்லை, அவருக்கு அறிக்கை போகும்.
டஸ்டினுக்குப் போன் போட்டேன்.
ஏழாவது மணிக்கு எடுத்தான், குரலெல்லாம் தூக்கம்.
"என்ன ஆச்சு?"

இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்றேன்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.