நிமிடத்துக்குப் பதினாறு

துலூத்தில் ஏரி உறையும் மாதம்.
இரும்புத்தாது ஏற்றிய கடைசிக் கப்பல்
பாலத்திடம் வழி கேட்டு ஊதியபோது
எங்களுக்கு ஏழாம் அறையைக் கொடுத்தார்கள்.
இரண்டு கட்டில். ஒரு மேசை விளக்கு.
தாழ்ப்பாள் இல்லாத கதவு.
பையைக் கொட்டிச் சோதித்த மேவிஸ்
என் இருமல் மருந்தை எடுத்துக்கொண்டு
சோல்வெய்யின் கரடிப் பொம்மையையும்
தையல் தையலாய்த் தடவிப் பார்த்தாள்.
மன்னிக்கணும் என்றாள்,
என்னிடமல்ல, கரடியிடம்.

சோல்வெய்க்கு ஆறு வயது.
நூறுவரை எண்ணத் தெரியும்.
பள்ளியில் கற்றதல்ல.

காலையில் இரண்டு வரிசை.
மருந்துச் சன்னலோரம் நாங்கள்:
நாக்குக்கடியில் மாத்திரை,
கரைந்ததென்று வாயைத் திறந்து காட்ட வேண்டும்.
எதிரே கஞ்சிக்குக் கிண்ணம் ஏந்திய பிள்ளைகள்.
'ஆ காட்டு, ஆ காட்டு' என்று
வெர்லீனின் இரட்டையர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.
பகலில் வட்டமாய் உட்கார்ந்து
பேச வேண்டியதை எல்லோரும் பேசினார்கள்.
நான் வானிலை பேசினேன்.
ஒன்பது நாள் வானிலை.

இரவில்தான்
என் மேலுதட்டில் ஒரு விரல்.
முதல் இரவு கனவென்று நினைத்தேன்.
இரண்டாம் இரவு கண் திறக்காமல் கிடந்தேன்.
குளிர்ந்த, கோந்து மணக்கும் சிறுவிரல்
மூக்குக்குக் கீழே அசையாமல்.
பதினாலு. பதினைந்து. பதினாறு.
தன் கட்டிலுக்குப் போகிறாள்.
கொஞ்ச நேரத்தில் மறுபடி வருகிறாள்.

போன மார்ச்சில்
குளியலறைத் தரையில் நான் நீலம் பாரித்துக் கிடக்க,
தொலைபேசியில் ஒரு குரல் அவளிடம் சொல்லியிருக்கிறது:
கண்ணு, அம்மா மூச்சு விடும்போதெல்லாம்
'இப்போ'ன்னு சொல்லு.
இப்போ.

இப்போ.
இடையில் எவ்வளவு நீளம் என்று
அவளுக்குத்தான் தெரியும்.

பத்தாம் நாள் என் வானிலை தீர்ந்துபோனது.
விரலைப் பற்றிச் சொன்னேன்.
வெர்லீன் எழுந்து வெளியே போனாள்.
மறுநாள் வாசல் அலமாரியில்
இரட்டையரின் சிவப்பு பூட்ஸ் இல்லை.
பனி உருகிய தண்ணீர் மட்டும்
நாலு அடித்தடமாய்.
ஏன் போனாள் என்று யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மேவிஸ் சோல்வெய்யை அழைத்துப்போனாள்.
இங்கே ராத்திரி எண்ணுவதற்கென்றே
சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறோம்,
பேர் ஓர்வில், வந்து பாரு.
ஓர்விலின் மேசையில் கடிகாரம், ஒரு நோட்டு,
பாதி தின்ற பன்.
தூங்கிடுவீங்களா? என்றாள்.
ஒருதடவை தூங்கினேன், தொண்ணூற்றெட்டில் என்றார்.
பொய் சொல்லாதது பிடித்திருக்க வேண்டும்.
ஆனாலும் வேலையை மொத்தமாய்க் கொடுத்துவிடவில்லை.
செவ்வாயும் வியாழனும் உங்களுக்கு,
மத்த நாளெல்லாம் எனக்கு.
அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

செவ்வாய் இரவு
வாய் பிளந்து, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே,
கரடி தரையில் கிடக்கத் தூங்கினாள்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.
என் விரலை அவள் மூக்கருகே கொண்டுபோனேன்.
இருபத்திரண்டு.
அது சரியா, அதிகமா?
ஆறு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை.
வெறுங்காலோடு தாழ்வாரம் முழுக்க ஓடி
ஓர்விலிடம் கேட்டேன்.
பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்றார்.
பாதி பன்னை என் பக்கம் நகர்த்தினார்.

புதன்கிழமை விரல் வந்தது.
பத்தொன்பது என்றாள். வேகமா இருக்கு.
முழிச்சிருக்கியா?
ஆமா.
நாளைக்கு வியாழன் என்றேன்.
தெரியும் என்றாள்.