பன்னிரண்டாவது நொடி

காணொளி பதினோரு நொடி.
நாற்பது லட்சம் பேர் பார்த்தாயிற்று.
நான் மட்டும் ஒரு நூறு தடவை இருக்கும்.

சகாத்தா மைதானம். நவம்பர். மழையும் பனியும் கலந்து அடிக்கிறது.
தெப்பேய் ஷிமோகாவா பந்தை வெளியே தட்டிவிட்டு
வழுக்கிப் போய் மூலைக்கொடியைச் சாய்க்கிறான்.
எழுந்து, கம்பை நட்டு,
குளித்து வந்த பிள்ளைக்குத் தலை துவட்டுகிறவன் போல
கொடித்துணியைப் பிழிந்துவிட்டு
இடுப்பு வளைய வணங்குகிறான்.
நீண்ட வணக்கம்.
அதோடு முடிகிறது.

ஓரத்தில் ஆரஞ்சு நிறமாய் ஏதோ அசையும்,
உற்றுப் பார்த்தால் தெரியும்.
அது என் கையுறை.
"டேய், பந்து! பந்து!" என்று நான் தொண்டை கிழியக் கத்தியதை
யாரோ எடுத்துவிட்டு
பியானோ சேர்த்திருக்கிறார்கள்.

பியானோ சேர்த்த புண்ணியவானே,
பன்னிரண்டாவது நொடியில்
அவசரமாக எறிந்த பந்து
அவன் காக்க வேண்டிய இடம் வழியாக வந்தது.
பதினேழாம் எண்காரன்
என் கால்களுக்கு நடுவே அதை உருட்டிவிட்டான்,
பூனை போவது போல.
அந்த ஒரு கோலில் மூன்றாம் பிரிவுக்கு இறங்கினோம்.
டிசம்பரில் அவனுக்கு ஒரு கடித உறை வந்தது.
எனக்கும்தான்.

ஒன்பது வருஷம் கழித்து
போர்ச்சுகலில் ஒருத்தி அந்த வணக்கத்தை
முதுகில் பச்சை குத்தியிருக்கிறாள்.
ஜகார்த்தாவில் பனியன் போட்டு விற்கிறார்கள்.
'இதுதான் ஜப்பான்' என்கிறது ஒரு கூட்டம்.
முந்நூற்றுப் பதினோரு ஆட்டம் ஆடினான் ஐயா,
இரண்டு முழங்காலையும் அறுத்துத் தைத்துக்கொண்டு.
அப்போது வந்தவர்கள் ஒருநாளும் இரண்டாயிரம் தாண்டவில்லை,
அதிலும் பாதி அரிசிக் கம்பெனியின் இலவச டிக்கெட்.

தெப்பேய் இப்போது
தெருவோரத் தானியங்கிகளில் பானக் குப்பி நிரப்புகிறான்.
சுருவோக்கா வரைக்கும் அறுபத்தெட்டு இயந்திரம் அவன் பொறுப்பு.
நேற்று படகுத்துறைப் பக்கம் பள்ளிப் பெண்கள் நாலு பேர்
சாலைக் கூம்பு ஒன்றைத் தூக்கிவந்து
அவன் முன்னால் வைத்தார்கள்.
"ஒரே ஒருதரம், ப்ளீஸ்."
வணங்கினான்.
இல்லையென்று சொல்ல அவனுக்கு வராது.
அதைப் பண்பு என்கிறார்கள்;
கூட ஆடியவன் சொல்கிறேன், அது வியாதி.

அவர்கள் போனதும்
சூடான சோளச் சூப் ஒன்றை எடுத்து நீட்டினான்.
"ஹினூமா," என்றான்,
"அன்றைக்கு நான் வணங்கவில்லை.
துணியைப் பிழிந்தபோது தண்ணீர் தெறித்து
வலது கண்ணின் லென்ஸ் விழுந்துவிட்டது.
தேடிக்கொண்டிருந்தேன்.
எல்லாரிடமும் சொல்லிவிடட்டுமா?"

குப்பி கையைச் சுட்டது.
மரியாதைக்குப் பறிகொடுத்த கோல் என்றுதான்
இத்தனை காலம் விழுங்கி வைத்திருந்தேன்.
அதற்காவது ஒரு கௌரவம் இருந்தது.
லென்ஸாம்.

"கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டேன்.
தலையசைத்தான், இல்லையென்று.
பிறகு அடுத்த இயந்திரத்தின் சாவியைத் தேடத் தொடங்கினான்,
வண்டி இருக்கையில், சட்டைப் பையில்,
கையிலேயே வைத்துக்கொண்டு.

இரவு மனைவி தூங்கியபின் மறுபடி போட்டேன்.
ஒன்பதாவது நொடியில் நிறுத்தினால்
குனிந்தவனின் வலக்கை
புல்லுக்கு மேலே லேசாக விரிந்திருக்கிறது.
நாற்பது லட்சம் பேரும் பார்க்காதது.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்,
இன்னும், இன்னும்,
பச்சை கட்டம் கட்டமாய் உடைகிறவரைக்கும்.
சின்னதாக ஏதாவது மின்னுகிறதா என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.